ஆறு மீட்டர் தூரத்துப் பலகை

மார்ச் 13

ஊமைக்கோட்டானுக்கு,

இதை நான் என் கையால் எழுதவில்லை. இன்னும் சில நாள் காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாதாம். நான் சொல்லச் சொல்ல என் அறைத்தோழி எழுதுகிறாள். அவளுக்கு முன்னால் நினைப்பதில் பாதியைத்தான் சொல்ல முடியும். மீதியை நீயே ஊகித்துக்கொள். அதற்கெல்லாம் உனக்கு மூளை உண்டு, வாய்தான் இல்லை.

உன் போனுக்கு அடித்து அடித்து அறைத்தோழியின் விரல் தேய்ந்துவிட்டது. எடுக்கமாட்டாய் என்றால் உனக்கு எதற்கு ஒரு போன்? அம்மாவைக் கேட்டால், "வந்தா, சாப்பிட்டா, மறுநாள் கடை வேலைக்குப் போயிட்டா. ஒண்ணும் சொல்லலையே" என்கிறாள். என் கண் ஆபரேஷனுக்குத் துணையாக வந்தவள் பாதியில் ஏன் திரும்பி வந்தாய் என்றுகூட அவள் உன்னைக் கேட்கவில்லை. நீ சின்னப் பிள்ளையாம்.

நடந்ததைச் சொல்கிறேன். லேசர் முடிந்த ஐந்தாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நீ சொட்டு மருந்து போட்டாய். பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் வைத்து ஒட்டினாய். "தூங்கு" என்றாய். தூங்கினேன். எழுந்து, "ஏய், தண்ணி கொடு" என்றேன். தண்ணி வரவில்லை. கொஞ்ச நேரம் சுவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தடவிப் பார்த்தால் உன் பை இல்லை, செருப்பு இல்லை. மேசையில் மூன்று மருந்துப் பாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. மருந்துக்குக்கூட ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை நீ.

காலையில் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்ததற்கு "குறி பார்க்கத் தெரியாத கழுதை" என்றேன். அதற்கா? பதினேழு வருஷமாகத் திட்டுகிறேன், அன்றைக்குத்தான் ரோஷம் முளைத்ததா?

கோபத்தில் அழுதேன். மூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். மறுநாள் அந்தக் கண்ணில் ஒரே மூட்டம். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கருவிழி மேல் படலத்தை வெட்டித் தூக்கி, லேசர் வெச்சு, திருப்பி மூடியிருக்கோம்மா. அது ஒட்டற வரைக்கும் கைபடக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொன்னோம்? இப்ப சுருக்கம் விழுந்திருக்கு. கூட ஒரு பொண்ணு இருந்துச்சே, எங்க?" என்றார். மறுபடி படுக்கவைத்து, படலத்தைத் தூக்கி, நீவிவிட்டு மூடினார்கள். விழித்துக்கொண்டேதான் படுத்திருந்தேன்.

ஜூன் 5 தீயணைப்புப் படையின் கண் சோதனை. ஆறு மீட்டர் தள்ளி நின்று, கண்ணாடி இல்லாமல், ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாக ஏழாவது வரி வரை படிக்க வேண்டும். ஓட்டத்தில் தேறிவிட்டேன். கயிற்றில் தேறிவிட்டேன். அறுபது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி இறங்கினேன். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். இந்த ஒரு கண்ணால் நான் வெளியே நின்றேன் என்றால் அது உன்னால்தான்.

அக்கா

(எழுதியவள்: தங்கச்சி, இதைவிட மோசமாக இரண்டு பத்தி சொன்னாள். கை வலிக்கிறது என்று விட்டுவிட்டேன். சொட்டு மருந்து அட்டவணையைக் காணோம். எந்தப் பாட்டில் எத்தனை தடவை என்று இருவருக்கும் குழப்பமாக இருக்கிறது.)


மார்ச் 17

மகாராணிக்கு,

தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பக்கத்துக்கு எட்டு வரி. மொத்தம் பதினோரு தாள். ஒரு நாளைக்கு இரண்டு தாளுக்கு மேல் படிக்காதே. திட்டு எங்கும் ஓடிப்போகாது. அறைத்தோழியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. அவர்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

அட்டவணை என் பையில் வந்துவிட்டது. அவசரத்தில் துணியோடு சேர்த்து அள்ளிவிட்டேன். பார்த்த அன்றைக்கே இதோடு வைத்து அனுப்புகிறேன். ஒருவர் கண்ணைப் பற்றி எழுதின சீட்டு அவர் கைக்குப் போய்ச்சேர வேண்டும் என்று நான் நினைக்கிறவள்.

படலத்தை மறுபடி தூக்கி மூடியிருப்பதால் நாள் கணக்கை முதலிலிருந்து எண்ணச் சொல்லியிருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள். மற்றதைக் கீழே எழுதுகிறேன். மருத்துவமனையில் சொன்னபோதெல்லாம் நீ பாதியில் "தெரியும் தெரியும்" என்று சொன்ன விஷயங்கள் இவை.

மஞ்சள் மூடிப் பாட்டிலைக் குலுக்கிவிட்டுப் போட வேண்டும். அதில் மருந்து அடியில் தங்கிவிடும். நீ குலுக்காமல் நீட்டுவாய், நான்தான் வாங்கிக் குலுக்குவேன். ஒரு பாட்டிலுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிஷம் விடு. உடனே போட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும். பாட்டில் நுனி இமை முடியில் பட்டால் அந்தப் பாட்டில் கெட்டது என்று வைத்துக்கொள். அன்றைக்குக் கன்னத்தில் சொட்டு விழுந்ததே, அது எனக்குக் குறி தெரியாததால் இல்லை. நீ பேசிக்கொண்டே தலையை ஆட்டினாய். நுனி பட்டுவிடக் கூடாதே என்று கையைப் பின்னால் இழுத்தேன்.

தூங்கும்போதெல்லாம் கண்மேல் மூடி வேண்டும், பகல் தூக்கத்திலும். தலைக்குக் குளிப்பதானால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வேறொருவரை ஊற்றச் சொல். கண்ணில் தண்ணீர் தெறிக்கக் கூடாது. அரித்தால் தேய்க்காதே, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டை விடு. அதுவும் போதாவிட்டால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார். சின்ன வயதில் என்னைக் கிள்ளக் கூடாது என்று அம்மா உன்னை அப்படித்தான் உட்காரவைப்பாள்.

நான் ஏன் போனேன் என்று கேட்கிறாய். சொல்லமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதானே படுத்திருக்கிறாய், வேறு வேலை என்ன, யோசித்துப் பார்.

நீ தேய்த்தது என் கையால் இல்லை.

போனை எடுக்கமாட்டேன். நான் மூன்று வார்த்தை சேர்ப்பதற்குள் நீ முப்பது பேசி முடித்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

தங்கை


மார்ச் 29

ஏய்,

இது என் கையெழுத்து. கோணலாகத்தான் இருக்கும். வலது கண்ணில் கோடு இரண்டாகத் தெரிகிறது. படித்துத் தொலை.

பதினோரு தாளையும் ஒரே நாளில் படித்தேன். என்ன பண்ணுவாய்? அறைத்தோழி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். துணிக்கடையில் கத்தரிக்கோல் பிடிக்கிற கை அது, பிடித்தால் விடமாட்டாள். அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நீ என்னை மகாராணி என்கிறாய், நீ போன பிறகு இங்கே இவள்தான் மகாராணி.

என்னவோ கண் மருத்துவரே நேரில் வந்து பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இவ்வளவு பவிசு ஆகாது. வீட்டில் யாரும் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவள் பேனா கிடைத்ததும் என்ன போடு போடுகிறாய்.

இடது கண் பிரமாதம். தெருமுனையில் இருக்கிற பெயர்ப்பலகையில் பெயின்ட் உரிந்திருப்பது தெரிகிறது. காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடித் தலையணைக்கு அடியில் கைவிட்டேன், அப்புறம்தான் நினைவு வந்தது. அந்த ஒரு நிமிஷச் சந்தோஷத்தை உன்னோடு பகிர்ந்துகொள்ள இஷ்டம் இல்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

வலதுதான் தொல்லை. காலையில் பரவாயில்லை, மத்தியானத்துக்கு மேல் மங்குகிறது. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. மருத்துவர், "மூணு மாசம் ஏறி இறங்கும். பொறுமையா இருங்க" என்கிறார். எனக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? ஜூன் 5க்கு அறுபத்தெட்டு நாள்தான் இருக்கிறது.

அதனால் ஒரு உதவி. நீ செய்துதான் ஆக வேண்டும், ஓடிப்போனதற்கு அபராதம் என்று வைத்துக்கொள். உன் கடையில் தொங்குகிற எழுத்துப் பலகையும் சோதனைக்கு வைக்கிற பலகையும் ஒன்றேதான். "எல்லா இடத்துலயும் இதே அச்சும்மா" என்று உன் முதலாளி என்னிடமே சொல்லியிருக்கிறார். அதில் ஐந்து, ஆறு, ஏழாம் வரிகளை எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்துகொள்கிறேன். இடது கண்ணுக்குத் தேவையில்லை. வலது கண்ணுக்கு மட்டும்.

முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. நீயும் பள்ளிக்கூடத்தில் செய்ததுதான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு உன் மானத்தைக் காப்பாற்றினேன். இப்போது நீ என் வேலையைக் காப்பாற்று.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

அனுப்பமாட்டேன்.

இனி நான் எழுதுவது சின்ன எழுத்து. கண் வலித்தால் நிறுத்தி நிறுத்திப் படி. ஆனால் முழுவதையும் படி.

ஐந்தாம் நாள் மத்தியானம் நீ தூங்கின பிறகு உன் மேசையைத் துடைத்தேன். உன் பழைய கண்ணாடி கிடந்தது. இனி உனக்கு வேண்டாத கண்ணாடி. வெறுமனே கிடந்தால் கீறல் விழுமே என்று பெட்டியைத் தேடி எடுத்தேன். அந்த நீலப் பெட்டி. உன் கண்ணாடியெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு வந்தது, அந்தப் பெட்டி மட்டும் வந்ததே இல்லை. "பெட்டியைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்பாய். உள்ளே வெல்வெட் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் அப்படி வந்தால் பசை வைத்து ஒட்டுவோம். ஒட்டலாம் என்று விரலால் அழுத்தினேன். அடியில் காகிதம் இருந்தது.

பள்ளிக் கண் முகாம் சீட்டு. என் பெயர், மூன்றாம் வகுப்பு. "சிலிண்டர் பவர் உள்ளது. பார்வை மங்கலாக உள்ளது. தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டவும்." கீழே பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருகிற பகுதி மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரு சீட்டு வந்ததே தெரியாது. நான் கேட்டுவிட்டேன். வேறு மாதிரி கேட்டேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீ பயப்பட வேண்டாம்.

உனக்கு அப்போது பதின்மூன்று. ஒரே பள்ளிக்கூடம் என்பதால் என் டீச்சர் உன்னிடம்தான் கொடுத்திருப்பார்கள்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நடந்தது எனக்குத்தான். உனக்குப் புதுக் கண்ணாடி வந்தது. பலகை தெரியவில்லை என்று நான் சொன்னதும் உன் பழையது எனக்கு வந்தது. அம்மா, "கண்ணாடிக் காலை மாத்தியாச்சு, அக்காவோடது நல்லாதானே இருக்கு, போட்டுக்கோ" என்றாள். பாவாடை மாதிரி, செருப்பு மாதிரி. கண்ணாடியும் பெரியவளிடமிருந்து சின்னவளுக்கு இறங்குகிற பொருள் என்று நம் வீட்டில் நினைத்தோம். முதலில் உன் மைனஸ் இரண்டு. அப்புறம் உன் மைனஸ் மூன்று. ஒன்பதாம் வகுப்பில் உன் மைனஸ் நான்கரை. எனக்கு வேண்டியது மைனஸே இல்லை. எழுத்து ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரிவதைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர். அது ஒன்றில்கூட இல்லை.

இரண்டாவது பாட வேளையில் தலைவலி வரும். நான்காவதில் வாந்தி. எல்லாரும் "சோடாபுட்டி" என்றார்கள், நீயும் சொன்னாய். கணக்கு டீச்சர் பலகையில் எழுதினதைத் தப்பாகப் பார்த்துத் தப்பாக எழுதுவேன். எழுப்பிக் கேட்டால் வாய் வராது. "கண்ணாடி போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்பார்கள். எனக்கும் அதுதான் சந்தேகம். கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்றால் கண்ணில் கோளாறு இல்லை, மண்டையில்தான் என்று முடிவு செய்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். நின்றதற்கு எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

கடையில் சேர்ந்த முதல் வாரம் முதலாளி என் கண்ணாடியைக் கழற்றி பவர் பார்க்கும் மெஷினில் வைத்தார். பிறகு என் கண்ணைச் சோதித்தார். "இது யாரோட கண்ணாடிம்மா?" என்றார். "என்னோடதுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் இல்லை. தெரியாமல் நடந்தது என்று நினைத்தேன். மூன்று வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐந்தாம் வகுப்பு முகாமுக்கு வருகிறேன். நீ என் மானத்தைக் காப்பாற்றினாய் என்று எழுதியிருக்கிறாயே, அது. முந்தின நாள் நீ சொன்னாய்: "பயப்படாதே சோடாபுட்டி. முன்னாடி நிக்கறவங்க என்ன படிக்கறாங்கன்னு காதைத் தீட்டிக் கேளு. உன் முறை வந்ததும் அப்படியே ஒப்பிச்சுடு. யாரும் உன்னைத் தனியா நிறுத்தி ஒண்ணும் கேக்கமாட்டாங்க." எனக்குக் கூச்சம் என்று உதவி செய்கிறாய் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் பதினாறு பேர் நின்றார்கள். ஏழு வரியும் பதினாறு தடவை கேட்டேன். ஒரு எழுத்து தப்பாமல் சொன்னேன். முகாமுக்கு வந்தவர் என் தோளில் தட்டி, "கண்ணாடி கரெக்டா இருக்கு, கழட்டாம போடு" என்றார்.

இரண்டாவது சீட்டு வந்தால் முதல் சீட்டு எங்கே என்று கேட்பார்கள். அதற்காகத்தானே சொல்லிக்கொடுத்தாய்?

அந்த ஏழு வரியும் எனக்கு இன்னும் மனப்பாடம். கடையில் தலையை நிமிர்த்தினால் எதிரில் அதுதான் தொங்குகிறது. உனக்கு ஒரு எழுத்துகூட எழுதி அனுப்பமாட்டேன்.

சீட்டு என்னிடம் இருக்கிறது. திருடவில்லை, அதில் என் பெயர்தான் இருக்கிறது.


ஏப்ரல் 15

நீ கையெழுத்துப் போடாமல் அனுப்பினாய். நான் மேலே எதுவும் போடாமல் அனுப்புகிறேன்.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை, "எனக்குப் பதின்மூன்று வயது, எனக்கு என்ன தெரியும்" என்று எழுதினேன். அது பொய். தெரியும். பெரிய எழுத்தில் "தாமதிக்காமல்" என்று போட்டிருந்தது. படிக்கத் தெரியாதவளா நான்? வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவள்.

அந்த மாதம் என் கண்ணாடிக் கால் ஒடிந்து நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் உனக்கு மாத்திடலாம்" என்று அம்மா சொல்லியிருந்தாள். கடை வாசலில் நின்று ஒரு பிரேமைப் பார்த்தும் வைத்திருந்தேன். உன் சீட்டைக் கொடுத்தால் அம்மா உன்னைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போவாள். எதிலும் உன்னைத்தான் முதலில். நீ வாயைத் திறந்து கேட்கவே வேண்டாம், மூலையில் போய் உட்கார்ந்தாலே போதும், "அவளுக்கு என்னவோ, பாரு" என்பாள். நான் எதையும் கத்தித்தான் வாங்கினேன். உனக்கு அது புரியாது.

ஒரு வாரம் கழித்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஒளித்தேன். டீச்சர் அம்மாவின் கையெழுத்தைக் கேட்டார்கள், நானே போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். கையெழுத்தை நானே போட்ட பிறகு எப்படிக் காட்டுவது? ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. அப்புறம் என் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ சரியாகத்தான் நடமாடினாய். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றால், நினைக்கப் பழகிக்கொண்டேன்.

நீ வாந்தி எடுத்த நாளெல்லாம் எனக்குத் தெரியும். வாளியைக் கழுவினது நான்தான்.

கிழித்துப் போடத் தைரியம் வரவில்லை. அதனால் பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ தலையை ஆட்டிவிடுவாய். யார் எதைக் கேட்டாலும் ஆட்டுகிற தலை அது. அந்த மாதிரி ஒரு ஆட்டலை வாங்கி நான் என்ன செய்வது?

ஆனால் ஒன்று கேட்கிறேன். சீட்டைப் பார்த்ததும் ஏன் என்னை எழுப்பவில்லை? எழுப்பி நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மூடியைப் போட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, "தூங்கு" என்று சொல்லிவிட்டு, துடைத்து, அடுக்கி, சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவளை எந்த ஊரில் பார்ப்பது? உன் மௌனம் கத்தியைவிட மோசமடி. அதுவும் ஒரு திமிர்தான்.

பலகையின் வரிகளை இனி கேட்கமாட்டேன்.


ஏப்ரல் 21

அக்கா,

எழுப்பியிருக்கலாம். கட்டில் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். எழுப்பினால் நீ அழுவாய், ஐந்தாம் நாள் அழுதால் கண்ணைக் கசக்குவாய் என்றுதான் எழுப்பவில்லை. கடைசியில் அதுதான் நடந்தது. அதில் என் பங்கு உண்டு. என்னுடையதை நான் ஒத்துக்கொள்கிறேன், வெல்வெட்டுக்கு அடியில் வைக்கவில்லை.

மன்னிக்கவில்லை. தலையும் ஆட்டவில்லை. இங்கே கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மா எதிலும் என்னை முதலில் பார்த்தாள் என்கிறாய். அப்படியா என்று யோசித்தேன். இருக்கலாம். ஆனால் மூலையில் உட்கார்ந்தது உன்னை முந்துவதற்கு இல்லை. அங்கேதான் வெளிச்சம் கண்ணைக் குத்தாது.

இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். முதலாளி தூக்கிப் போடச் சொன்னது. எழுத்து இல்லை. மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஒரே ஒரு வடிவம்தான், பெரிதிலிருந்து சிறிதாக. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு வைப்பது. அறைத்தோழியை ஆறு மீட்டர் தள்ளி நிற்கச் சொல். உங்கள் அறை அவ்வளவு நீளம் இல்லை, தாழ்வாரத்தில் நில்லுங்கள். அவர்கள் ஒவ்வொரு தடவையும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கட்டும். இதை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. அதற்காகத்தான் இதை அனுப்புகிறேன்.

காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. மத்தியானம் மங்குவது வறட்சியாக இருக்கலாம். லேசருக்குப் பிறகு கண்ணில் ஈரம் குறையும். செயற்கைக் கண்ணீரை மங்கின பிறகு விடாதே, மங்குவதற்கு முன்பே விடு. மின்விசிறிக்கு நேராகப் படுக்காதே. பயிற்சி என்று புகைக்குள் போகாதே, நீச்சல் குளத்தில் இறங்காதே. இதெல்லாம் கடையில் காதில் விழுந்தது. மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டு செய். நான் லென்ஸ் தேய்க்கிறவள்தான்.

ரிசல்ட்டை எனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை.


ஜூன் 6

ஏய்,

அவசியம் இல்லை என்றாய், அதனால் எழுதுகிறேன்.

அட்டையைப் பிடித்துக்கொண்டு அறைத்தோழி ஆறு வாரம் என்னைப் படுத்தின பாட்டை எழுதினால் நீ சிரிப்பாய். உன்னைச் சிரிக்கவைக்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை என்பதால் விடுகிறேன். தாழ்வாரத்தில் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் தப்பாகக் காட்டினால், "தீ அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்பாள்.

நேற்றுச் சோதனை. நீளமான அறை. ஒரு கோடியில் பலகை, மறு கோடியில் தரையில் கோடு. முப்பத்தொரு பேர் வரிசையில். எனக்கு முன்னால் இருபத்திரண்டு பேர். அதே பலகைதான். முதல் ஆள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். அறை முழுக்கக் கேட்டது.

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

விரலை உள்ளே விட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு. பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தாள். மேசையில் இருந்த அதிகாரி எழுந்தே வந்துவிட்டார். விரலை எடுத்தேன். "ஏம்மா, காது வலியா? காது டெஸ்டு அடுத்த ரூம்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "இல்ல சார், அவங்க படிக்கறது கேக்குது" என்றேன். "கேட்டா உனக்கு நல்லதுதானே" என்றார். "ஒருத்தி அப்படிக் கேட்டுப் படிச்சா சார், நல்லதா முடியல" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் மறுபடி பொத்திக்கொண்டேன். இருபத்திரண்டு பேர். கை மரத்துப்போய்விட்டது.

இடது கண் ஏழாம் வரி முழுக்கப் படித்தது. வலது கண்ணுக்கு ஆறாம் வரி முழுக்கத் தெரிந்தது. ஏழாவதில் ஐந்து எழுத்தில் மூன்று. இரண்டு தெரியவில்லை. ஊகித்துச் சொன்னேன், இரண்டும் தப்பு.

தள்ளிவிடவில்லை. சேர்த்துக்கொள்ளவும் இல்லை. "சர்ஜரி கண்ணுன்னா ஒரு மறுவாய்ப்பு உண்டு" என்று ஜூலை 3 போட்டிருக்கிறார்கள். அதிலும் தவறினால் முடிந்தது. மருத்துவர் இன்னும் கொஞ்சம் தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்கிறார்.

நீலப் பெட்டியைத் தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன். வெல்வெட்டை முழுக்க உரித்துவிட்டேன். உள்ளே இப்போது வெறும் தகரம்தான், எதையும் ஒளிக்க இடம் இல்லை.

அக்கா


ஜூன் 10

அக்கா,

பெட்டி வந்தது. என் பிரேம் சின்னது, உள்ளே கடகடவென்று ஆடுகிறது. எனக்குப் பொருந்தவில்லை. கடையில் திருகாணி போட்டு வைத்துக்கொள்கிறேன்.

நீ காதைப் பொத்தினதைப் படித்தேன். மறுபடி ஒரு தடவை படித்தேன். அதைப் பற்றி எழுத இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. வரும்போது எழுதுகிறேன், வராமலும் போகலாம்.

முதலாளியிடம் உன் வலது கண்ணைப் பற்றிச் சொன்னேன். நானாகப் போய்ப் பேசினேன். அவரே ஆச்சரியப்பட்டார். மங்கலாகத் தெரிந்து தப்பாகச் சொன்னால் ஒரு காரணம், எழுத்து ஒரு பக்கமாக இழுபட்டு வேறு எழுத்து மாதிரி தெரிந்தால் வேறு காரணம் என்றார். முதலாவது வறட்சியாக இருக்கும், சொட்டு மருந்தில் தெளியலாம். இரண்டாவது என்றால் படலத்தில் சுருக்கம் மிச்சம் இருக்கலாம், ஜூலை 3க்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டுமாம். காத்திருந்தால் நாள் வீணாகும்.

அதனால் தெரியாமல் போன அந்த இரண்டு எழுத்தும் எவை, அவற்றை நீ என்னவென்று சொன்னாய் என்று நினைவுபடுத்தி உடனே எழுது. தபால் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய். எடுக்கிறேன். அந்த இரண்டு எழுத்தை மட்டும் சொல், வேறு எதுவும் பேசாதே.

எழுத்து உனக்கு எப்படித் தெரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் என்னிடம் யாரும் கேட்கவில்லை.